கடல் கொண்ட இருப்புப்பாதை

தனுஷ்கோடியின் மணற்பரப்பில் நடப்போர், கூரையிழந்து நிற்கும் தேவாலயச் சுவர்களின் முன் சற்றே மௌனமாகின்றனர். அருகே சிதைந்து கிடக்கும் புகைவண்டி நிலையத்தை நாம் அவ்வளவு கூர்ந்து நோக்குவதில்லை. பொதுப்பணம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்ற வரலாற்றை அந்த எச்சங்களே வைத்திருக்கின்றன.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை புகைவண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் கொழும்புக்கு மீண்டும் புகைவண்டி என நம் முன்னோர் சென்றுவந்த வழி அது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல், பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியைக் கடலுக்குள் இழுத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் சரிந்தன. சீரமைக்கும் பொறுப்பு இளம் பொறியாளர் ஸ்ரீதரனிடம் வந்தது. கடலடியில் கிடந்த உத்தரங்களை மீனவர் துணையோடு மீட்டு, மீண்டும் பொருத்தி, 46 நாள்களில் பாலத்தை அவர் நிமிர்த்தினார். இன்றும் வியந்து பேசப்படும் அருஞ்செயல் அது! ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையை எவரும் நிமிர்த்தவில்லை. ஊரே வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. இராமேசுவரத்துக்குச் செல்லும் திருப்பயணியருக்குப் பாலம் தேவைப்பட்டது. ஊரிழந்தவர்களுக்காகப் பாதை போடவேண்டிய தேவையை அன்றைய கணக்கு காணவில்லை. அம்முடிவு தவறென்று நாம் சொல்லத் துணியோம். எனினும் அது ஒரு முடிவு. புயல் அதை எடுக்கவில்லை.

அந்தப் புயலைப் பருவநிலை மாற்றத்தின் பெயரில் எழுதிவிடவும் இயலாது. ஆனால் 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அத்தகைய புயல் மீண்டும் வந்தால், உயர்ந்துவிட்ட நீரின் மேலேறியே வரும். எனவே இத்தகைய முடிவுகள் இனி அடிக்கடி கேட்கப்படும்.

அதற்கான பணம் எவ்வாறு ஒதுக்கப்படுகிறது? 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாம் நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு 80 பங்கை மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 பங்கைப் பேரிடர்த் தணிப்புக்கும் வகுத்தது. தணிப்புக்கெனத் தனிப்பங்கு கிடைத்ததே முன்னேற்றந்தான். ஆயினும் இடிந்ததைக் கட்டத் திறக்கும் கை, இடியாமல் காக்கத் திறப்பதில்லை. உப்புக் காற்றோடு ஆண்டாண்டாய் மல்லிட்ட பழைய பாலத்திற்கு நாள்தோறும் வண்ணம் பூசியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

துருவேறிய அப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 550 கோடி ரூபாயில், பழையதைவிட 3 மீட்டர் உயரமாக எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2019 மார்ச்சில் அதற்கு அடிக்கல் நாட்டிய அதே நாளில், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே தண்டவாளம் இன்னும் வரவில்லை. கடல் இருமருங்கும் நெருங்கும் சாலையொன்று 2017-இல் வந்தது. குடிசைகளில் எஞ்சி வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அந்தச் சாலைதான் வழி.