மாட்டு நுரையீரற்புழுத் தொற்றின் காரணிகள்

மாட்டு நுரையீரற்புழு நோய் என்பது டிக்டியோகோலஸ் விவிபாரஸ் என்னும் வெண்ணிற உருளைப்புழு மூச்சுக்குழாய்களில் தங்கி, இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும் நோயாகும். இதன் குடம்பிகள், அதாவது இளம்புழுக்கள், சளியோடு விழுங்கப்பட்டுச் சாணத்தில் வெளியேறி, ஏற்ற ஈரமும் வெப்பமும் இருப்பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை எய்தி, புல்லோடு மீண்டும் மாட்டினுள் செல்கின்றன.

தொற்றின் முதற்காரணி ஈரமே. குளிர்ந்த, மழைமிகு நாடுகளின் நோயாகவே இது பெயர்பெற்றது. முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு போன்ற உலர்வலயப் பகுதிகளில் ஆண்டு நடுப்பகுதியின் வறட்சி குடம்பிகளை உலர்த்திக் கொல்லக்கூடியதாகையால், வடகீழ்ப் பருவமழைக் காலமே அவை பிழைக்க ஏற்றது. அக்காலத்திலேயே காலபோக நெற்செய்கை வயல்களை நிறைப்பதால், மாடுகள் காட்டோரங்களிலும் எஞ்சிய மேய்ச்சல்தரைகளிலும் நெருங்கி மேய நேர்கிறது. நெருக்கம் கூடுந்தோறும் சாணம்பட்ட புல்லை உண்ணும் வாய்ப்பும் கூடுகிறது.

குடம்பியின் பரவலுக்குப் பூஞ்சையும் துணைசெய்வது வியப்புக்குரியது. தானாக அதிகம் நகராத குடம்பி, சாணத்தில் முளைக்கும் பைலோபோலஸ் பூஞ்சையின் உச்சிக்கு ஏறி, அது தன் வித்திப்பையை வீசியெறியும்போது அதனுடன் சேர்ந்து அப்பாலுள்ள புல்லில் விழுகிறது.

முதன்முறை மேயும் கன்றுகளே பெரிதும் நலிகின்றன. தப்பியவை வலுவான எதிர்ப்பாற்றல் பெறினும், மறுதொற்று இல்லாவிடில் அது குன்றும். நோய்க்குறி காட்டாத மாடுகளும் புழுவைச் சுமந்து அடுத்த பருவத்துக்குக் கடத்தக்கூடும் என்பதால், புதிதாகப் பட்டியில் சேர்க்கும் மாட்டின் சாணத்தைச் சோதிப்பது தக்கது. புதுச்சாணத்தைத் துணியில் பொதிந்து வெதுவெதுப்பான நீரில் தோயவிட்டால், குடம்பிகள் வெளியேறி அடியில் படியும்.