அடைக்கலமேரி என்றொரு பெயர்

ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் நம் வயதுக்காரர்களுக்குப் பழகிய பெயர் அடைக்கலமேரி. இத்தாலியில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார்.

ஆனால் அடைக்கலம் என்ற சொல் அவருக்கு மிகவும் முந்தியது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு 'அடைக்கலக் காதை' என்றே பெயர். நான் படித்த பிரெஞ்சில் 'ரெஃப்யூஜ்' என்றால் ஒதுங்கும் இடம். தமிழிலோ காக்கும் இடமும் அடைக்கலம், காக்கும்படி ஒப்படைத்ததும் அடைக்கலம்.

அலுவலகப் பதிவேடுகளில் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம், இது ஒரு தாயின் வேண்டுதலாயிற்றே என்று நினைப்பேன். பிற்பாடு அதே பெண்கள் 'ஏ. மேரி' என்று கையெழுத்திட்டார்கள். மேரி நின்றது, அடைக்கலம் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. பேத்திக்கு வைக்காவிட்டாலும், பாட்டியின் முழுப்பெயரையும் அதன் பொருளையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள்.