சூனியக்காரிகளும் பொற்கொல்லர்களும்

பம்மல் சம்பந்த முதலியார் 'மாக்பெத்'தை 'மகபதி' என்று தமிழாக்கினார். பெயர்களை மாற்றிவிடலாம். அந்த மூன்று சூனியக்காரிகளை என்ன செய்வது? மாக்பெத்தின் வீழ்ச்சிக்கு அவர்களே காரணம் என்று நம் கல்லூரிகளில் நோட்ஸ் சொல்கிறார்கள். பிரதி அப்படிச் சொல்லவில்லை. நீ அரசனாவாய் என்கிறார்களே தவிர, டங்கனைக் கொல் என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. உடனிருந்த பாங்கோவும் தன் சந்ததி ஆளும் என்று கேட்கிறான்; அவன் கத்தியை எடுக்கவில்லை.

நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அப்போதைய அரசன் முதலாம் ஜேம்ஸ். ஸ்காட்லாந்தை மட்டும் ஆண்டபோது, டென்மார்க்கிலிருந்து மணப்பெண்ணோடு திரும்புகையில் கடலில் எழுந்த புயல் சூனியக்காரிகளின் வேலை என்று நம்பியவன். 1590-91ல் நார்த் பெர்விக் விசாரணைகளில் சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கிக் கொன்றார்கள். 1597ல் ஜேம்ஸ் இது பற்றி ஒரு நூலே எழுதினான். இங்கிலாந்துக்கு அவன் அரசனான மறுவருஷம், 1604ல், சூனியத்துக்கெதிரான சட்டம் மேலும் கடுமையாயிற்று. அந்த அரசனின் பெயரால் இயங்கிய நாடகக் குழுவில் இருந்துகொண்டே, குற்றத்தை மனிதனிடமே விட்டுவைத்தார் ஷேக்ஸ்பியர்.

நம்மிடமும் பேய்களுக்குக் குறைவில்லை. கலிங்கத்துப்பரணியில் அவை களத்தில் கூழ் அடுகின்றன. உண்டபின் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. அங்கே தீமை என்ற கேள்வியே எழவில்லை. வென்றவன் பாட்டுடைத் தலைவன்.

கேள்வி எழுவது சிலப்பதிகாரத்தில். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். விசாரியாமல் கொல்லச் சொன்னவன் நெடுஞ்செழியன். பொற்கொல்லனைக் காட்டித் தப்பிக்க அவனுக்கு வழி இருந்தது. ஊழைக் காட்டவும் வழி இருந்தது. இரண்டையும் செய்யாமல், குற்றம் தன்னுடையது என்று ஏற்று அரியணையிலேயே விழுந்து சாகிறான். மாக்பெத்துக்கு வாய்க்காத கம்பீரம் இது.

கதை அங்கே நிற்கவில்லை, நாம்தான் நின்றுவிடுகிறோம். பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது, நோய் பரவுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். மழை பெய்கிறது. உரைபெறு கட்டுரை இதைச் சாந்தி என்றே குறிக்கிறது.

திருடியவன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம். ஒரு அரசன் தன்மேல் எடுத்துக்கொண்ட குற்றத்தை அடுத்தவன் ஒரு தொழில் செய்தவர்களின் தலையில் இறக்கிவிட்டான். ஜேம்ஸுக்குப் புயல், செழியனுக்கு வறட்சி. மேடைகளில் நாம் முதல் அரசனின் நீதியைப் பேசிக் கைதட்டல் வாங்கிவருகிறோம். தமிழில் துன்பியல் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள், இரண்டாமவனிலிருந்து தொடங்குவது நல்லது.