ஒரு வேதம், பல பந்திகள்

 

யூதர்களுக்கு ஆடு மாடுகளின் கொழுப்பு விலக்கப்பட்டிருந்ததையும், அவ்விலக்கிலிருந்து சில வகைக் கொழுப்புகள் நீக்கப்பட்டதையும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 146ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. விலக்கிலிருந்து நீங்கியவற்றுள் எலும்போடு கலந்த கொழுப்பும் ஒன்று. அது ஆட்டின் வால்கொழுப்பைக் குறிக்கும் என்று மதரஸாவில் தஃப்ஸீர் ஜலாலைன் ஓதிய நாட்களில் உஸ்தாத் விளக்கினார். அன்று அதை ஒரு சொல்லுக்கான பொருளாக மட்டுமே எழுதி வைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து யூத வரலாற்றைப் படித்தபோதுதான், அந்த வால்கொழுப்பைக் குறித்தே யூதர்களுக்குள் நீண்ட சர்ச்சை நடந்திருப்பது தெரிந்தது. தல்மூதைப் பின்பற்றிய ரப்பிமார்கள் அதனை ஆகும் என்றனர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த அனான் பின் தாவீது காலம் தொட்டு உருவெடுத்து, செவிவழி மரபை மறுத்து வேத எழுத்தை மட்டுமே பற்றி நின்ற கராயீ பிரிவினர் ஆகாது என்றனர். வேதம் ஒன்று, தீர்ப்போ இரண்டு.

கருத்து வேறுபாடு எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. ஆனால் அது ஏட்டோடு நின்றதா, அன்றி உண்ணும் பந்தி வரை வந்ததா என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இதை அறிய, கராயீகளுக்கும் ஏழெட்டு நூற்றாண்டுகள் முந்திய பைத்துல் முகத்தஸ் நகரத்துக்குச் செல்வோம்.

உயிரினும் மேலான உணவுச் சட்டம்

பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் தன்மையும் உள்ள கால்நடையையே உண்ணலாம், செதிலும் துடுப்பும் உள்ள மீனே ஆகும், இரத்தம் விலக்கு, ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது. தவ்ராத்தின் இந்த அடிப்படைகளில் அக்கால யூதப் பிரிவுகள் எதற்கும் ஐயமில்லை. கி.மு. 167ஆம் ஆண்டை ஒட்டி, கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூத மார்க்கத்தையே தடை செய்து, பன்றி இறைச்சி உண்ணுமாறு அவர்களை வற்புறுத்தினான்.

எலயாசர் என்னும் தொண்ணூறு வயது அறிஞரின் நிகழ்ச்சியை மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது. பழகியவர்கள் அவர்மீது இரக்கம் கொண்டு, "ஆகுமான இறைச்சியை நீங்களே கொண்டு வாருங்கள், மன்னன் சொன்னதை உண்பதுபோல் பாவனை செய்யுங்கள்" என்ற கருத்தில் யோசனை கூறினர். அவர் மறுத்துவிட்டார். தாம் நடித்தால் இளைஞர்கள் வழிதவறுவார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். அதற்காக உயிரையே கொடுத்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! பகைவன் எதிரே நின்றபோது அந்த உணவுச் சட்டம் அம்மக்களை ஒன்றாக நிறுத்தியது. அதே சட்டம் பின்னர் அவர்களைப் பிரித்தது எவ்வாறு?

மூன்று பிரிவுகள்

கி.பி. 37இல் பிறந்த யூத வரலாற்றாசிரியர் ஜோஸிஃபஸ் பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனியர் என மூன்று பிரிவுகளை விவரிக்கிறார். சதுசேயர் ஆலயப் பூசாரிகளையும் செல்வர்களையும் சார்ந்தவர்கள். எழுதப்பட்ட சட்டம் மட்டுமே போதும் என்றவர்கள். பரிசேயர் முன்னோர் வழிவந்த விளக்கங்களையும் சட்டமாக ஏற்றவர்கள். எஸ்ஸேனியர் தனிக்கூட்டமாக, பொதுச் சொத்துடன் வாழ்ந்தவர்கள்; அவர்களின் தொகை நாலாயிரத்துக்கும் மேல் என்கிறார் அவர்.

இவர்களின் சர்ச்சைகள் எத்துணை நுட்பமானவை என்பதற்கு ஓர் உதாரணம்: தூய பாத்திரத்திலிருந்து அசுத்தமான பாத்திரத்தில் நீரை ஊற்றினால், இடையில் அறுபடாமல் விழும் நீர்த்தாரை வழியே அசுத்தம் மேல்பாத்திரத்துக்கு ஏறுமா, ஏறாதா? ஏறாது என்றனர் பரிசேயர். இதற்காகச் சதுசேயர் அவர்களைக் குறைகூறியதை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூல் பதிவு செய்திருக்கிறது. ஏறும் என்று வாதிடும் ஒரு மடலின் பிரதிகள் சாக்கடல் கரையிலுள்ள கும்ரான் குகையில் கிடைத்தன. 1994இல் அது முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது. ஒளுவின் தண்ணீரைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் பக்கம் பக்கமாக ஓதியவர்களுக்கு இந்தச் சர்ச்சை அந்நியமாகத் தோன்றாது.

கும்ரானின் பந்தி

1947 முதல் சாக்கடல் கரைக் குகைகளிலிருந்து பழஞ்சுருள்கள் வெளிவந்தன. அருகிலுள்ள இடிபாடுகளை 1951 முதல் 1956 வரை ரோலான் தெ வோ தலைமையில் அகழ்ந்தபோது, ஒரு நீண்ட கூடத்தை அடுத்த அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உண்கலங்கள் கிடைத்தன. இங்கே வாழ்ந்தவர்கள் எஸ்ஸேனியரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

இக்கூட்டத்தின் உணவுச் சட்டம் மிகக் கடுமையானது. மீனை உயிரோடு பிளந்து இரத்தத்தை வடித்த பின்னரே உண்ண வேண்டும். வெட்டுக்கிளியை உயிருடன் தீயிலோ நீரிலோ இட வேண்டும் என்று அவர்களின் சட்டநூல் ஒன்று விதிக்கிறது. பரிசேயர் வழிவந்த ரப்பிமார்களோ மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை என்றனர். மீனும் வெட்டுக்கிளியும் அறுக்கப்படாமலே ஆகுமானவை என்று ஹதீஸின் வாயிலாக அறிந்திருக்கும் நமக்கு, அல்லாஹ் அளித்த இலேசின் அருமை இங்கே விளங்கும்.

அவர்களின் பந்தியில் அமர்வதும் எளிதன்று. குளிர்நீரில் குளித்து, நார்ப்பட்டு ஆடை அணிந்து, மௌனமாக அமர்வார்கள். பூசாரி பிரார்த்திக்கும் முன் எவரும் உணவைத் தொடக்கூடாது. புதிதாகச் சேர்பவர் முதல் ஓராண்டு தூய உணவைத் தொட முடியாது. இரண்டாம் ஆண்டு முடியும்வரை பானத்தைத் தொட முடியாது. சொத்து விஷயத்தில் பொய் சொன்னவருக்கு ஓராண்டு பந்தி விலக்கும், உணவில் கால் பங்குக் குறைப்பும் தண்டனை. இவை கும்ரான் சுருளில் உள்ள விதிகள்.

எஸ்ஸேனியரைப் பற்றி ஜோஸிஃபஸ் சொல்லும் ஒரு செய்தி நெஞ்சை உலுக்குகிறது. பெருங்குற்றத்துக்காகக் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர், தாம் முன்பு செய்த சத்தியத்தால் கட்டுண்டிருப்பார். பிறர் தரும் உணவை உண்ண மாட்டார். புல்லைத் தின்று, பட்டினியால் உடல் நலிந்து மடிவார். பலரை, உயிர் பிரியும் தறுவாயில், இவர்கள் பட்ட துன்பமே போதும் என்று இரங்கி மீண்டும் சேர்த்துக்கொண்டார்களாம். சுற்றிலும் தம் இனத்தாரே சமைத்த ஆகுமான உணவு இருக்க, சொந்தச் சகோதரனின் சோற்றை நம்ப முடியாமல் ஒருவர் புல் தின்றார்!

சல்லடை கொடுத்த பெண்

பரிசேயரிடத்திலும் இத்தகைய பேணுதல் இருந்தது. உணவுத் தூய்மையிலும் தசமபாகத்திலும் மிகப் பேணுதலாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தவர் 'ஹாவேர்', அதாவது தோழர் எனப்பட்டார். அவர் பாமரர் வீட்டில் விருந்துண்ண மாட்டார்.

ஆயினும் இவர்கள் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஹாவேரின் மனைவி, பாமரரின் மனைவிக்குச் சல்லடையை இரவல் கொடுக்கலாம். அவளுடன் சேர்ந்து தானியம் புடைக்கலாம், அரைக்கலாம், சலிக்கலாம். மாவில் நீர் ஊற்றிய பிறகுதான், தூய்மைச் சட்டம் குறுக்கிடுவதால், கையை எடுத்துக்கொள்ள வேண்டும். 'சமாதானத்தின் பொருட்டு' இந்த அனுமதி என்று மிஷ்னா காரணம் கூறுகிறது. பெருநாட்களில் பைத்துல் முகத்தஸில் கூடும்போதோ தூய்மை விஷயத்தில் பாமரரும் நம்பத்தக்கவராகவே கருதப்பட்டார்.

ஹில்லேல், ஷம்மாய் ஆகிய இரு அறிஞர்களின் மாணவர் குழுக்கள் நம் மத்ஹபுகளைப் போல எண்ணற்ற சட்டங்களில் வேறுபட்டன. கோழி இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பதில் இரு குழுவும் ஒன்றுபட்டன. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கலாமா என்பதில் வேறுபட்டன. ஆனால் ஒரு குழு விலக்கியதை மறு குழு அனுமதித்தபோதும், அவர்கள் தமக்குள் பெண் கொடுத்து எடுப்பதையும், தூய உணவைச் சேர்ந்து தயாரிப்பதையும் நிறுத்தவில்லை என்று அதே மிஷ்னா சான்று பகர்கிறது.

தல்மூதில் இன்னொரு செய்தி. லேவி என்ற அறிஞர் பறவை பிடிக்கும் ஒருவரின் வீட்டுக்குச் சென்றார். பாலில் சமைத்த மயிலின் தலை அவர்முன் வைக்கப்பட்டது. அவருடைய வழிமுறையில் அது ஆகாது. அவ்வீட்டாரை ஏன் விலக்கி வைக்கவில்லை என்று பின்னர் அவருடைய ஆசான் கேட்டார். "அவ்வூரின் அறிஞர், பறவைக்குப் பால் இல்லையாதலால் இத்தடை பறவைக்குப் பொருந்தாது என்றவரின் கருத்தை அவர்களுக்குப் போதித்திருக்கலாம்" என்ற பொருளில் அவர் விடையளித்தார். தம் சட்டத்தையும் விடவில்லை. பிறர்மீது தீர்ப்பும் வழங்கவில்லை!

எரிந்த களஞ்சியம்

கி.பி. 70இல் ரோமானியப் படை நகரை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த யூதப் போர்க் குழுக்கள் ஒன்றையொன்று தாக்கின. இவை உணவுச் சட்டத்துக்காகப் பிரிந்தவை அல்ல; அதிகாரத்துக்காகப் பிரிந்தவை. ஆனால் பல ஆண்டுகளுக்குப் போதுமான தானியக் களஞ்சியங்களை இவர்களே எரித்தார்கள் என்கிறார் ஜோஸிஃபஸ். யூதரே களஞ்சியங்களை எரித்ததைத் தல்மூதும் கூறுகிறது. எதை உண்பது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட நகரத்தில், உண்ண ஏதுமின்றி மக்கள் மடிந்தார்கள். ஆலயம் தீக்கிரையானது. சதுசேயரும் எஸ்ஸேனியரும் வரலாற்றிலிருந்து மறைந்தார்கள்.

அந்த ஆலயம் ஏன் அழிந்தது என்று யூத அறிஞர்களே பின்னாளில் கேட்டுக்கொண்டார்கள். அத்தலைமுறையிடம் வேதக் கல்வி இருந்தது, வணக்கம் இருந்தது, தர்மமும் இருந்தது. காரணமற்ற பகைமையே அதை அழித்தது என்பது தல்மூது தரும் விடை.

நமது ஸஹன்

வாசகர்களே! இது பிற சமுதாயத்தைப் பழிப்பதற்கான கதையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வலீமா விருந்தில் அமர்ந்திருந்தேன். ஸஹன் வைக்கப்பட்டதும், ஆட்டை அறுத்தவர் எந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர் என்று ஒருவர் விசாரித்தார். பதிலைக் கேட்டதும் நால்வர் எழுந்து சென்றனர். பெண்ணின் தகப்பனார் வாசலில் நின்று கைபிசைந்ததை என்னால் மறக்க இயலவில்லை. அறுத்தவரும் கலிமா சொன்ன முஸ்லிம்தான். பிஸ்மில்லாஹ் சொல்லியே அறுத்தவர்தான்.

ஹலாலைப் பேணுவது கடமை. அதில் தளர்வு கூடாது. ஆனால் பேணுதல் வேறு, ஐயப்படுதல் வேறு. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லையே என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் ஊரில் இல்லாத உணவாதலால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உண்டார், ஒருவர் உண்ணவில்லை. விரிப்பு ஒன்றுதான், எவரும் எழுந்து செல்லவில்லை.

ஷாஃபிஈ கணவர் உண்ணும் ஓர் உணவை ஹனஃபி மனைவி உண்ணாதிருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அந்த இல்லங்களில் உள்ள பக்குவம் நம் பள்ளிவாசல்களுக்கும் வர வேண்டும். அடுத்த விருந்தில் ஸஹன் வைக்கப்படும்போது, அருகில் அமர்ந்திருப்பவர் எந்தப் பிரிவு என்று கேளாமல், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைப்போம்.

ஹலாலைப் பேணும் உறுதியையும், சகோதரனை நம்பும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் ஒருசேர வழங்குவானாக! ஆமீன்.