டூம்: பிழைகளோடு காக்கப்பட்ட விளையாட்டு

சென்ற மாதம் பழைய ஃபிளாப்பிகளில் இருந்தவற்றைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் தந்த சிறு கோப்பு ஒன்று அகப்பட்டது. டூம் 2 விளையாட்டில் அவன் ஒரு கட்டத்தை ஆடி முடித்ததன் பதிவு அது. இன்றைய கணினிகளுக்கென மேம்படுத்தப்பட்ட டூம் நிரல் ஒன்றில் அதை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடங்கள் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு திரையிலிருந்த வீரன் மூடிய கதவொன்றில் முட்டிக்கொண்டு நின்றான். யாருமில்லாத சுவரைச் சுட்டான். சற்று நேரத்தில் செத்தும் போனான். நண்பன் அந்தக் கட்டத்தில் சாகவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கோப்பிலும் பழுதில்லை. அப்படியானால் மாறியது எது? இதற்கு விடை தேடினால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விளையாட்டு உயிரோடிருக்கும் வரலாற்றைச் சொல்ல வேண்டிவரும்.

டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கோப்பு வழங்கியில் ஏற்றியது. முதல் பாகத்தின் ஒன்பது கட்டங்கள் இலவசம். மீதி வேண்டுவோர் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆட்டக்காரரின் கண்வழியே உலகைக் காட்டும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. 1992-இல் இதே நிறுவனம் உருவாக்கிய வுல்ஃபென்ஸ்டைன் 3டியின் கோப்புகளைக் குடைந்து, ரசிகர்கள் தாமே புதிய கட்டங்களைச் சமைத்திருந்தனர். அதைக் கவனித்திருந்த நிரலர் ஜான் கார்மக், டூமில் ஒரு பிரிவினையைச் செய்தார். விளையாட்டை நடத்தும் நிரல் ஒரு கோப்பு. கட்டங்களும் ஓவியங்களும் ஒலிகளும் வாட் என்ற மற்றொரு கோப்பு. புதிதாக ஒன்றைச் செய்பவர் மூலக் கோப்பைத் தொடாமல் தம்முடைய வாட் கோப்பை அதன்மேல் அடுக்கினால் போதும்.

பின்னால் நடந்த அனைத்துக்கும் இந்தப் பிரிவினையே வித்து. 1994-இன் தொடக்கத்திலேயே கட்டங்களை வரைவதற்கான கருவியொன்றைப் பிரெண்டன் வைபர் இணையத்தில் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜஸ்டின் ஃபிஷர், ஏலியன்ஸ் திரைப்படத்தின் உலகையே டூமுக்குள் கொண்டுவந்தார். கிரெக் லூயிஸ் எழுதிய டீஹேக்கெட் என்ற கருவியோ நிரல் கோப்பிலேயே கைவைத்து, பகைவர்களின் வலிமையையும் ஆயுதங்களின் வேகத்தையும் மாற்றித் தந்தது. மாட் என்று இன்று அழைக்கப்படும் இத்தகைய ஆக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் மாணவர்கள், கூலி எதிர்பாராதவர்கள்.

ஆனால் இவை அனைத்தும் நின்றது டாஸ் என்ற ஒரே தூணின் மீது. டூம் ஒலி அட்டையோடு இடையில் எவருமின்றி நேராகப் பேசியது. அன்றைய மலிவு விலைச் செயலிகளில் தசம எண் கணக்குக்கென்று தனிப் பகுதி இல்லாததால், எல்லாக் கணக்கையும் முழு எண்களைக் கொண்டே போட்டது. அதன் படம் 320க்கு 200 புள்ளிகள் கொண்டது. அன்றைய குழல் திரையில் அப்புள்ளிகள் சற்றே உயரமாக நீண்டு தெரியும். இன்றைய திரையில் அப்படியே போட்டால் பூதங்களும் குட்டையாகிவிடும். 64 பிட் விண்டோஸ் வந்தபோது டாஸ் நிரல்களை ஓட்டும் பகுதியே அதிலிருந்து நீக்கப்பட்டது.

இந்நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. பழைய கணினியையே மென்பொருளாகப் போலச்செய்வது ஒன்று. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இதைத்தான் செய்கிறது. மற்றொன்று, நிரலையே புதிய கணினிக்கு ஏற்றவாறு திருத்தி எழுதுவது. மூலநிரல் கையில் இருந்தால்தான் இது எளிது. டூமுக்கு அது வாய்த்தது. 1997 டிசம்பர் 23 அன்று கார்மக் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தார். டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் வேறொருவருக்கு உரியது என்பதால் வெளியானது லினக்ஸ் பதிப்பே. 1999-இல் அது கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் வந்தது. ஓவியங்களும் கட்டங்களும் விலைக்குரியனவாகவே தொடர்ந்தன. திறக்கப்பட்டது நிரல் மட்டுமே.

1998-இலேயே டீம் டிஎன்டி என்ற ரசிகர் குழு பூம் என்ற பதிப்பையும், ராண்டி ஹைட் இசட்டூம் என்ற பதிப்பையும் வெளியிட்டனர். மூல நிரலில் பல வரம்புகள் இருந்தன. உதாரணமாக, ஒரு காட்சியில் தரையும் கூரையுமாக 128 பரப்புகளுக்கு மேல் சேர்ந்தால் விளையாட்டே நின்றுவிடும். பூம் இத்தகைய வரம்புகளை நீக்கியது, பிழைகளையும் திருத்தியது. கட்டங்களை வரைபவர்களுக்கு அது பெரும் விடுதலை.

நண்பனின் பதிவுக்கு வந்த தீங்கும் இங்கேதான் தொடங்குகிறது. டூமின் பதிவுக் கோப்பு ஒளிப்படக் காட்சி அன்று. விநாடிக்கு 35 முறை, முறைக்கு நான்கே பைட்டுகளில், ஆட்டக்காரர் எவ்வளவு நகர்ந்தார், எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் அது குறித்துவைக்கிறது. பத்து நிமிட ஆட்டம் ஏறத்தாழ 84,000 பைட்டுகளில் அடங்கிவிடும். மற்ற அனைத்தையும் விளையாட்டே மறுபடியும் நடத்திக் காட்ட வேண்டும். தற்செயல்போல் தோன்றுவதும் தற்செயலன்று. மாறாத 256 எண்களின் வரிசையொன்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தே பூதங்களின் போக்கு தீர்மானிக்கப்படுகிறது. ஓர் எண் முன்பின்னாகப் பிசகினாலும் அதற்குப் பிந்தைய உலகம் முழுவதும் வேறாகிவிடும்.

டூம் 2-இல் எரியும் மண்டையோடுகளைத் துப்பும் பூதம் ஒன்றுண்டு. கட்டத்தில் 20 மண்டையோடுகளுக்கு மேல் இருந்தால் அது துப்பாது. இந்த வரம்பை நீக்கிய பதிப்பில் மண்டையோடு ஒன்று கூடுதலாகப் பிறக்கும். எண் வரிசை நகரும். கதவு திறக்க வேண்டிய நேரத்தில் வீரன் வேறெங்கோ நின்றிருப்பான். நண்பனின் விரல்கள் அன்று அழுத்தியவை மாறவில்லை. அவற்றுக்கு விடையளித்த உலகம்தான் திருத்தப்பட்டுவிட்டது.

இதை உணர்ந்தவர்களும் இருந்தனர். 2005-இல் சைமன் ஹோவர்ட் வெளியிடத் தொடங்கிய சாக்லேட் டூம், மூலத்தின் வரம்புகளையும் பிழைகளையும் அப்படியே பேணுகிறது. டாஸ் பதிப்பில் ஒரு பட்டியல் நிரம்பி வழிந்து பக்கத்து நினைவகத்தைக் கெடுத்தால் என்ன விளையுமோ, அந்தக் கேட்டையும் இயன்ற அளவு கணக்கிட்டுப் போலச்செய்கிறது. பிஆர்பூம் வழிவந்த பதிப்புகளோ எந்தக் காலத்து விதிகளின்படி நடக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ள விடுகின்றன. பாடத்தைத் திருத்திப் பதிப்பிப்பதா, ஏட்டில் கண்டபடியே பதிப்பிப்பதா என்ற பதிப்பாசிரியர்களின் பழைய வழக்கு இங்கும் எழுந்தது. இரண்டும் தேவை என்பதே விடையாயிற்று.

மூலநிரல் கிடைக்காத விளையாட்டுகளின் கதை வேறு. 1997-இல் வந்த பிளட்டின் மூலநிரலை உரியவர்கள் வெளியிடாததால், ரசிகர்கள் இயந்திர மொழியிலிருந்து வரி வரியாகப் பின்னோக்கி எழுதி அதை மீட்டனர். சில பழைய விளையாட்டுகளோ, வரைகலை அட்டை தரும் திறன்களின் பட்டியல் இத்தனை நீளும் என்று எதிர்பாராமல் சிறு இடத்தை ஒதுக்கிவிட்டு, இன்றைய அட்டைகளைக் கண்டதும் விழுந்துவிடுகின்றன. அவற்றுக்காகவே மேசா என்ற வரைகலை மென்பொருளில், குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிற்பட்ட திறன்களை மறைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. புதியது தன் வயதைக் குறைத்துச் சொல்லிப் பழையதை வாழவைக்கிறது.

2024 ஆகஸ்டில் டூமும் டூம் 2-உம் சேர்ந்த அதிகாரபூர்வமான புதிய பதிப்பு வந்தபோது, 1998-இல் ரசிகர்கள் வகுத்த பூம் நியதியில் அமைந்த ஆக்கங்களையும் அது ஏற்றுக்கொண்டது. உரிமையாளர்கள் விட்ட இடத்திலிருந்து அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் இருக்க முடியாது.

பின்னர் சாக்லேட் டூமில் நண்பனின் கோப்பை மறுபடி ஓட்டினேன். இரண்டாம் நிமிடத்தில் கதவு உரிய நேரத்தில் திறந்தது. இடப்புறம் திரும்பும் முன் ஒரு கணம் தயங்குவது அவன் வழக்கம். அந்தத் தயக்கமும் அப்படியே இருந்தது.