வட்டத்துக்குள் கடல்: இராமேசுவரம் கரையில் டேட்டிங் செயலிகள் காட்டும் அதே முகங்கள்

டேட்டிங் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் குறை ஒன்று உண்டு. பார்த்த முகமே திரும்பவும் வருகிறது. வேண்டாம் என்று போன வாரம் இடப்பக்கம் தள்ளிய ஆள் இந்த வாரம் மறுபடி வந்து நிற்கிறார். இதற்கு இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த ஆள் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கலாம், அல்லது இணைப்பு சரியில்லாததால் நீங்கள் தள்ளியது பதிவாகாமல் போயிருக்கலாம் என்பது நிறுவனங்களின் விளக்கம். அல்காரிதம் சிலரைத் தூக்கிப்பிடித்துப் பலரைப் புதைக்கிறது, பயனரைப் பணம் கட்ட வைக்கவே இந்த ஏற்பாடு என்பது விமர்சகர்களின் விளக்கம். இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டும் பெருநகரத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. இராமேசுவரத்தில் நின்று பார்த்தால் அல்காரிதத்துக்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது என்பது என் வாதம். காட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஆள் இல்லாததை மறைப்பதுதான் செயலி செய்யும் தவறு.

முதலில் வட்டம். இவ்வகைச் செயலிகள் பயனரை நடுவில் வைத்து, அவர் குறிக்கும் தூரத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் போடுகின்றன. தூரம் என்பது நேர்கோட்டுத் தூரம். சாலையையோ பாலத்தையோ அது அறியாது. உள்நாட்டு ஊரான பரமக்குடியில் இருப்பவர் 20 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 1,257 சதுர கிலோமீட்டர் நிலம் அவருக்குக் கிடைக்கிறது. அதே 20 கிலோமீட்டரை இராமேசுவரம் கோயிலிலிருந்து அளந்தால் ஊர் அமைந்த பாம்பன் தீவும் மண்டபத்தின் முனையும் மட்டுமே உள்ளே வரும். தீவின் பரப்பு அறுபது சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதாவது வட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிலமில்லை. மற்றதெல்லாம் வடகடலும் தென்கடலும். 2011 கணக்கெடுப்பில் இராமேசுவரம் நகரத்தின் மக்கள்தொகை நாற்பத்தைந்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் குழந்தைகள், முதியோர், மணமானவர்களைக் கழித்து, மிச்சத்தில் இந்தச் செயலியை வைத்திருப்பவர்களைத் தேடினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைக் கணிக்கப் பெரிய புள்ளியியல் தேவையில்லை.

ஆரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது இன்னும் சுவையானது. மாவட்டத் தலைநகரான இராமநாதபுரம், இராமேசுவரத்திலிருந்து நேர்கோட்டில் 54 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆகவே மாவட்டத் தலைநகரைப் பிடிக்க வட்டத்தை விரிப்பவர் அதற்கு முன்பே மன்னார்த் தீவைத் தொட்டுவிடுகிறார். மதுரைவரை போக வேண்டுமென்றால் ஆரம் 150 கிலோமீட்டர் அளவுக்கு நீள வேண்டும். யாழ்ப்பாணமோ 90-க்குள்ளேயே கிடைத்துவிடும். டிண்டர் செயலியில் வைக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் 160 கிலோமீட்டர். அந்த உச்சத்தில் இராமேசுவரத்துப் பயனரின் வட்டத்துக்குள் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா எல்லாம் அடங்கிவிடுகின்றன. திருநெல்வேலி வெளியே நிற்கிறது.

இந்த வட்டம் ஒரு காலத்தில் அபத்தமாக இருந்ததில்லை. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் போயின. கொடுக்கல் வாங்கலும் கொண்டு கொடுத்த உறவும் இரு கரைக்கும் பொதுவாக இருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. இன்று எதிர்க்கரைக்குப் போக வேறு ஊருக்குச் சென்று கப்பலோ விமானமோ ஏற வேண்டும், விசாவும் வேண்டும். எல்லைக்கோட்டின் பெயரால் மீனவர் சிறைபிடிக்கப்படும் கடலைச் செயலி வெற்று இடமாகக் கருதிக் கடந்துபோகிறது. தொட முடியாத முகங்களைப் பார்த்துச் சலித்தவர் ஆரத்தைச் சுருக்குகிறார். சுருக்கியதும் பழைய முகங்களே திரும்புகின்றன.

இடத்தைப் போலவே நேரமும் குறுக்கே நிற்கிறது. யாரை முன்னால் காட்டுவது என்பதற்குத் தாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்களை டிண்டர் 2019-இல் ஓரளவு வெளியிட்டது. செயலியில் சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு, அதிலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பவர்களுக்கு, முன்னுரிமை என்று அது சொன்னது. அலுவலக நேரத்தில் இயங்கும் நகரத்துக்கு இது பொருந்தும். ஆனால் மீன்பிடியை நம்பிய பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. அனுமதி டோக்கன் வாங்கிக் காலையில் தொழிலுக்குப் போகும் விசைப்படகுக்காரர் மறுநாள் காலையில்தான் கரை திரும்புகிறார். இரவு எட்டு மணிக்குக் கரையில் இருக்கும் ஆசிரியையோ செவிலியோ செயலியைத் திறக்கும்போது, சிக்னல் இல்லாத கடலில் இருப்பவர் செயலியின் கணக்கில் சோம்பேறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறக்கூடும். கடலோரச் செயலிப் பயன்பாட்டை ஆராய நினைப்பவர்களுக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனை அது. யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

வந்து போகிறவர்களும் உண்டு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் குவியும் கூட்டத்தில் செயலி வைத்திருக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்திலும் மண்டபம் கடலோரக் காவல்படையிலும் வெளிமாநிலத்தார் பணியாற்றுகிறார்கள். இவர்கள் ஒரு நாளோ ஒரு பருவமோ தோன்றி மறைகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கதை நேர் எதிர். அங்கே மணவயது ஆண்களில் கணிசமானோர் வளைகுடாவில் இருக்கிறார்கள். உடல் துபாயில் இருந்தால் சுயவிவரமும் துபாயில்தான். ஊர்க்காரராக இருந்தும் ஊர் வட்டத்தில் இல்லை.

ஆனால் கூட்டத்தை இன்னும் கடுமையாகக் குறைப்பது அச்சம். தீவின் குடியிருப்புகள் பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. இராமேசுவரத்தில் இருந்து பார்க்கையில் திரையில் ஏழெட்டு கிலோமீட்டர் என்று வந்தால் அது தங்கச்சிமடம். பன்னிரண்டு என்றால் பாம்பன். நகரத்தில் தூரம் என்பது எண் மட்டுமே, இங்கே அது முகவரி. முகம் தெரியும் படம் ஒன்றைப் போட்டால் அடுத்த நாளே அண்ணன் கூட்டாளி கண்ணில் படும் என்று அஞ்சும் பெண் செயலியை நிறுவுவதே இல்லை, அல்லது நிறுவிய வேகத்தில் நீக்கிவிடுகிறார். 2011 கணக்கின்படி இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 983 பெண்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமநிலை. செயலிக்குள் அந்தச் சமநிலைக்கு இடமில்லை. தன்பால் ஈர்ப்புடையோருக்கு நிலைமை இதைவிட இறுக்கம். 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 377-ஆம் பிரிவைத் தளர்த்திய பிறகும், இந்தக் கரையில் அவர்களின் வட்டம் மதுரையை எட்டிய பிறகே ஆள் சேர்க்கத் தொடங்கும்.

எண்ணிக்கை ஒருபக்கம் சாய்ந்தால் நடத்தையும் சாய்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் கேரத் டைசனும் உடன் ஆய்வாளர்களும் லண்டனிலும் நியூயார்க்கிலும் சோதனைக் கணக்குகளை இயக்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டிண்டரில் ஆண் கணக்குகளுக்குக் கிடைத்த இணைவு 0.6 சதவீதம், பெண் கணக்குகளுக்கு 10 சதவீதத்தை ஒட்டி. ஆண்கள் கண்டவரையெல்லாம் வலப்பக்கம் தள்ளுகிறார்கள். அதைக் கண்ட பெண்கள் இன்னும் கறாராகத் தேர்கிறார்கள். அதைக் கண்ட ஆண்கள் மேலும் தள்ளுகிறார்கள். கோடிப் பேர் நகரத்திலேயே இப்படியென்றால், சில நூறு பேருக்குள் இந்தச் சுழல் முடியும் வேகத்தைச் சொல்ல வேண்டாம். ஆண் தன் முன்னால் உள்ள பெண் கணக்குகளை ஒரே மாலையில் தீர்த்துவிடுகிறார். அதன் பிறகு செயலிக்கு இரண்டு வழிகள்தான்: தீர்ந்தது என்று சொல்வது, அல்லது தள்ளியவர்களையே திரும்பக் கொண்டுவருவது. ஹிஞ்ச் போன்ற செயலிகள் கடந்துவிட்டவர்களை மறுபடி காட்டுவதுண்டு என்று தாமே ஒப்புக்கொள்கின்றன.

இனி அல்காரிதத்துக்கு வருவோம். சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறையைப் போன்ற ஒரு மதிப்பெண்ணை டிண்டர் வைத்திருந்தது 2016-இல் வெளியே தெரிந்தது. அதைக் கைவிட்டதாக 2019-இல் அறிவித்தது. மதிப்பெண் போனாலும், ஒத்த விருப்பமுடையோரின் தேர்வுகளைக் கொண்டு ஊகிக்கும் முறை பொதுவாக எங்கும் இருக்கிறது. விரும்பப்பட்டவர் மேலும் காட்டப்படுவார், காட்டப்பட்டவர் மேலும் விரும்பப்படுவார். விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு என் கேள்வி: வேறு நல்ல அல்காரிதம் வந்தால் இராமேசுவரத்தில் நிலைமை மாறுமா?

இந்தக் கேள்விக்குப் பொருளியலில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது, அது வந்த இடம் மருத்துவமனை. டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962-இல் நிலையான இணைகளைக் கண்டறியும் முறையைத் தந்தார்கள்: யாரும் தம் துணையை விட்டு, தம்மை விரும்பும் இன்னொருவரிடம் ஓடக் காரணமில்லாதபடி இருபுறத்தாரையும் பொருத்துவது. ஹிஞ்ச் 2018-இல் கொண்டுவந்த பரிந்துரை வசதி இதையே அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்காவில் இளம் மருத்துவர்களைப் பயிற்சி மருத்துவமனைகளுக்கு ஒதுக்கும் ஏற்பாடும் இவ்வகையே. அங்கே கிராமத்து மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. முறையை மாற்றினால் கிடைக்குமா என்று பொருளியலாளர் ஆல்வின் ராத் 1980-களில் ஆராய்ந்தார். விடை, கிடைக்காது. ஒருவர் ஒரு நிலையான பொருத்தத்தில் துணையின்றி விடப்பட்டால், எல்லா நிலையான பொருத்தங்களிலும் அவரே விடப்படுவார். பொருத்தும் வரிசையை எப்படி மாற்றினாலும் மிஞ்சுகிறவர்கள் அதே ஆட்கள். ஷேப்லியும் ராத்தும் 2012-இல் நோபல் பெற்ற துறையின் ஆதாரமான முடிவுகளில் இது ஒன்று. விருப்பங்களின் முழுப் பட்டியலும் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு உண்டு, செயலியில் அது நிறைவேறுவதில்லை. ஆகவே தேற்றத்தை அப்படியே பொருத்த முடியாது. திசையை மட்டும் அது காட்டுகிறது. ஆட்களும் அவர்கள் விருப்பமும் மாறாதவரை, பொருத்தும் இயந்திரத்தைக் குறை சொல்வதில் எல்லையுண்டு.

சிறிய வட்டமும் திரும்பவரும் முகங்களும் இந்தக் கரைக்குப் புதியவையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணத் தரகரின் நோட்டிலும் அதே ஜாதகங்கள்தாம் சுற்றிவந்தன. ஆனால் அவர், "இப்போதைக்கு இவ்வளவுதான், தை பிறக்கட்டும்" என்று நோட்டை மூடிவிடுவார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இரத்த உறவிலேயே மணமுடித்தவர்கள். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் பிறந்ததிலிருந்து பார்த்த முகங்களே. மானிடவியலாளர் லூயி துய்மோன் 1950-களில் தென்னிந்திய மணவுறவைப் பற்றி எழுதியபோது அவரை ஈர்த்தது, தலைமுறைதோறும் அதே குடும்பங்களுக்கிடையே உறவு புதுப்பிக்கப்படும் இந்த ஒழுங்குதான். ஆனால் அங்கே ஒவ்வொரு முகத்துக்கும் இடம் குறிக்கப்பட்டிருந்தது: இவர் மாமன் மகன், கட்டலாம், இவர் பெரியப்பா மகன், அண்ணன். செயலி இருவரையும் ஒரே அட்டையில் காட்டுகிறது. அதே முகத்தைப் பார்த்ததும் பயனருக்கு வரும் கூச்சத்தில் ஒரு பகுதி சலிப்பு அல்ல. அண்ணன் முறையானவரைத் தள்ளிவிட வேண்டிய சங்கடம்.

திருமணத் தளங்கள் இதை வேறுவிதமாகத் தீர்த்தன. முருகவேல் ஜானகிராமன் 1997-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த பாரத் மேட்ரிமோனி, ஆள் நிற்கும் இடத்தைக் காட்டிலும் சாதி, மதம், சொந்த ஊர், நட்சத்திரம் இவற்றுக்கே எடை தந்தது. துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரர் அங்கே கீழக்கரைக்காரர்தான். வட்டம் கடல் கடந்து விரிகிறது, ஆனால் சாதிச் சுவருக்குள். ஏய்ல் நிறுவனம் தமிழருக்கென்று கொண்டுவந்த 'அன்பே' செயலி மொழியை வேலியாக்கிப் பார்த்தது. இவற்றிலும் முகங்கள் திரும்பும். வடிகட்டிகளைப் பயனரே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால். ஆயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதில் மூன்றில் ஒரு பங்கு, உட்சாதியில் அதில் பத்தில் ஒன்று, படிப்பில் அதில் பாதி என்று வடித்தால் மிஞ்சுவோர் பதினைந்து, பதினேழு பேர். தன் சல்லடையைத் தானே இறுக்கியவர் சலித்ததைப் பார்த்துக் கோபப்படுகிறார்.

அப்படியானால் நிறுவனங்களுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் உள்ளனர், அவர்களில் இந்த மாதம் செயலியைத் திறந்தோர் எத்தனை பேர் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். தீவில் இருப்பவருக்கு அந்த எண்ணைச் சொன்னால் அவர் சந்தா கட்ட மாட்டார். கூடுதலாகப் பார்க்கப்பட வழி என்று விற்கப்படும் 'பூஸ்ட்', பார்க்க ஆளில்லாத இடத்தில் எதையும் தருவதில்லை. சென்னைக்கும் தங்கச்சிமடத்துக்கும் ஒரே பண்டத்தை விற்பது நேர்மையல்ல. தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல் பயண நேரத்தில் அளப்பதும் தொழில்நுட்பத்துக்கு அரிதான காரியமல்ல.

என் வாதத்தைச் சரிபார்க்கவும் வழியுண்டு. ஒரே வயதும் ஒரே வடிகட்டிகளும் கொண்ட, சம்மதித்துப் பங்கேற்கும் பயனர்களை மூன்று இடங்களில் எடுத்துக்கொள்ளலாம்: வட்டம் முழுதும் நிலமான பரமக்குடி, பாதி கடலான கீழக்கரை, பெரும்பகுதி கடலான இராமேசுவரம். முகங்கள் திரும்பிவரும் விகிதம் பரமக்குடியிலிருந்து கிழக்கே வரவர ஏறினால் வட்டம்தான் காரணம். மூன்றிலும் அது ஒன்றாகவே இருந்தால், விமர்சகர்கள் சொல்வதே சரி. அல்காரிதத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.