முத்துக்குளித்துறையில் தொழிலாளர் மேலாண்மை

கன்னியாகுமரியிலிருந்து ராமேசுவரம் வரையிலான மன்னார் வளைகுடாக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, தூத்துக்குடி ஆகிய ஊர்கள் இக்கரையில் உள்ளன. சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. கடலடிப் பாரில் சிப்பி முற்றிய பருவத்தில் மட்டும், சில வாரங்களுக்கு நடந்தது. அந்தச் சில வாரங்களுக்கு மொழியும் மதமும் வேறான ஆயிரக்கணக்கானோரை ஒரே கரையில் திரட்டி, மனம் கோணாமல் வேலை வாங்க வேண்டியிருந்தது. ஆகவே பல பண்பாட்டுத் தொழிலாளரின் மனநிறைவு பற்றிய பழைய சான்றுகள் இத்தொழிலில் நிறையக் கிடைக்கின்றன.

தொடக்கம் கொடுமையானது. கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்', பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டும் நிலை வேறு. வணிகர்கள் கூலிக்கு ஆள் அமர்த்தினர். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கும் போயிற்று. 'கடல்கட்டி' எனப்பட்ட இந்த மந்திரக்காரர் கரையில் இல்லாவிட்டால் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசும் கடல்கட்டியைக் கைவிடவில்லை. அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது சரியாகாது. கடலுக்கு அடியில் போகிறவனின் அச்சத்தை நிர்வாகம் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

1530களில் இக்கரைக் கடலோடிகளான பரதவர் கத்தோலிக்கம் தழுவியபின் போர்ச்சுகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும் சலாபத்தை ஆண்டனர். ஒருவர் மூழ்கப் பயன்படுத்தும் கல்லே உரிமைக்கும் வரிக்கும் அலகாக இருந்தது. பரதவரின் சாதித்தலைவருக்கு எனத் தனி உரிமைகள் இருந்தன. ஆனால் டச்சுக்காரர் கல்லுக்கு விதித்த வரி மதத்துக்கு மதம் மாறியது. கிறிஸ்தவருக்குக் குறைவு, முஸ்லிம்களுக்கு அதிகம். ஒரே கடல், ஒரே ஆழம், ஒரே ஆபத்து. வரி மட்டும் வேறு. இது அப்பட்டமான அநீதி.

வேலை நடந்த விதத்தை 1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் ராபர்ட் பெர்சிவல் விரிவாக எழுதியிருக்கிறார். எதிர்க்கரையில், மன்னாருக்குத் தெற்கே கொண்டாச்சியில், இரவு பத்து மணியளவில் பீரங்கி முழங்கும். கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்றில் கரை திரும்பும். ஒரு தோணியில் பத்துப் பேர் குளிப்போர். ஐவர் இறங்கும்போது ஐவர் மூச்சு வாங்கி இளைப்பாறுவர். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கர் அரிப்பு என்ற ஊரின் கோயிலுக்கு வழிபாட்டுக்குப் போய்விடுவர். இந்து, முஸ்லிம் பண்டிகைகளுக்கும் வேலை நின்றது. 

கூலியைப் பணமாகவும் வாங்கலாம், சிப்பியாகவும் வாங்கலாம். பெரும்பாலோர் சிப்பியையே கேட்டனர். அதற்குள் என்ன இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தில் ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று சமக் குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. இலங்கைச் சலாபங்களுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் வந்தனர். அவர்கள் மூக்கில் கவ்வி மாட்டி மூழ்கினர். தமிழர் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். அரபியரின் சொந்தக் கடலில் நிலைமை மோசம். முன்பணக் கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. பஹ்ரைனில் 1920களில்தான் முன்பணத்துக்கு வரம்பும், குளிப்பவர் கையில் கணக்குப் புத்தகமும் வந்தன. மன்னார்க் கரையிலும் தோணி உரிமையாளரான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கும் வழக்கம் இருந்தது. ஆனாலும் குளித்தவன் பங்கு அவன் கண்முன்னேயே பிரிக்கப்பட்டது.

கடலில் இருந்த இந்த ஒழுங்கு கரையில் எழுந்த ஆலைக்கு வரவில்லை. தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்றனர். ஒன்பது நாளில் நிர்வாகம் பணிந்தது. பெர்சிவல் காலத்துக் குளிப்போருக்கு வழக்கமாகவே இருந்த ஞாயிறு ஓய்வை, நூறாண்டு கழித்து ஆலைத் தொழிலாளர் போராடித்தான் பெற்றனர்.

குலசேகரன்பட்டினம் உட்பட இக்கரையின் உப்பளங்களில் பங்கு முறை இல்லை, கூலி மட்டுமே. மழைக்காலத்தில் பாத்தி நீரில் மூழ்கினால் அந்தக் கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் தமிழக அரசின் திட்டம் அண்மையில்தான் வந்தது. மீன்பிடியில் மட்டும், செலவு போக மிஞ்சியதைப் பங்கு பிரிக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோடு, மாதச் சம்பள வேலை என்ற எதிர்பார்ப்பும் ஊருக்குள் வந்திருக்கிறது.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்து, அத்தோடு நின்றது. இன்று அந்நகரின் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்போர் கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கி நெடுநேரம் அடியில் இருக்கின்றனர். ஒருவர் மூழ்க ஒருவர் இளைப்பாறும் பழைய ஒழுங்கு மூச்சின் அளவோடு கட்டப்பட்டது. குழாய் வந்தபின் அந்த அளவு இல்லை. வேகமாக மேலே வருவோருக்குக் காற்றழுத்த நோயால் மூட்டு வலியும், சிலருக்குக் கைகால் முடக்கமும் வருகின்றன.